அந்த நாற்பது நிமிடம்: காதலி கொலையுண்டால் துப்பறிவாளன் என்ன செய்ய முடியும்?

வாசகர் கேள்வி
3 பிப்ரவரி 2025

தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் சிங்கப்பூரில் தனியார் துப்பறிவாளன். வயது நாற்பது. குடிப்பான், கடனும் இருக்கிறது. அவன் காதலி கேலாங் வட்டாரத்து லோரோங் (சந்து) ஒன்றில் வாடகை அறையில் கொலை செய்யப்பட்டுக் கிடக்கிறாள். போலிஸ் வருவதற்குள் இவன் உள்ளே போய் அவளுடைய கைப்பேசியை எடுத்துக்கொள்கிறான். மூன்றே நாளில் கொலைகாரனைப் பிடித்துவிடுகிறான். இந்தத் தொழிலில் இருந்தவர் யாராவது படித்தால் சொல்லுங்கள், நம்பும்படி இருக்கிறதா?

3 பிப்ரவரி 2025, இரவு

நம்பும்படி இல்லை, தம்பி. பதினோரு வருஷம் இந்த வேலை பார்த்தேன். 2008இல் சேர்ந்து 2019இல் விட்டேன். நான் சேர்ந்தபோது 1973ஆம் வருஷத்துப் பழைய சட்டம் இருந்தது. 2007இல் நிறைவேறிய தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் ஒரு விஷயம் மாறவில்லை. இங்கே தனியார் துப்பறிவாளனுக்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் கொடுப்பது காவல்துறையின் உரிமப் பிரிவு. தகுதியும் நேர்மையும் உள்ள ஆள்தானா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் நாயகனின் உயிர் அந்த அட்டையில் இருக்கிறது. அதைக் கொடுத்த துறைதான் அவன் காதலியின் கொலையையும் விசாரிக்கப் போகிறது.

அந்த அட்டை அவனுக்கு எந்த அதிகாரமும் தராது. யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது, கதவைத் திற என்று சொல்ல முடியாது, கேமராப் பதிவைக் கொடு என்று கேட்க முடியாது. போலிஸ் மாதிரி பேசினால் அதுவே தனிக் குற்றம். கொலை நடந்தது தெரிந்ததும் உடனே போலிஸுக்குச் சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு எல்லாரையும் கட்டிப்போடுகிறது. கைப்பேசியை எடுத்தானா, தடயத்தை மறைத்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 201ஆம் பிரிவு வந்து நிற்கும். முதல் அத்தியாயத்திலேயே உள்ளே போய்விடுவான். 24 மணி நேரம் வைத்துப் பிழிவார்கள், வெளியே வரும்போது உரிமம் இருக்காது.

4 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 24 மணி நேரம் என்றது இந்தியக் கணக்கு. எங்கள் வீட்டில் ஊர்ச் செய்தி பார்த்துப் பார்த்து நாக்கில் அது வந்துவிட்டது. இங்கே 48 மணி நேரம். அதற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்.

5 பிப்ரவரி

அவனால் எதுவுமே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆட்களோடு பேசலாம். எங்கள் தொழிலில் பாதி அதுதான்.

வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் கூட்டுகிற ஆள், மாமா கடைக்காரர், காப்பிக்கடையில் தினமும் அதே மேசையில் உட்காரும் பெரியவர், நாலு நம்பர் லாட்டரி வாங்க வரிசையில் நிற்பவர்கள். இவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அந்தப் பெண் எத்தனை மணிக்கு வருவாள், யார் கொண்டுவந்து விடுவார்கள், போன வாரம் சண்டை நடந்ததா, எல்லாம் வரும். ஆனால் கேட்டால் வராது. பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசிக்கொண்டிருந்தால் வரும். நான் ஒரு முறை மூன்று சாயங்காலம் சிலம்பாட்டத்தைப் பற்றியே பேசிவிட்டு நான்காம் நாள்தான் வேண்டிய பதிலைக் கேட்டேன். நான் கேட்கவும் இல்லை, அவரே சொன்னார்.

பின்தொடர்வது முன்பு எளிது. பழைய புளோக்குகளில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். ஆள் இறங்கி மாடிப்படியில் ஏறியோ இறங்கியோ போக வேண்டும், பிறகு நீண்ட பொது நடைபாதையில் நடக்க வேண்டும். எதிர் புளோக்கில் நின்றால் எந்தக் கதவு என்று தெரிந்துவிடும். 2001க்குப் பிறகு லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்து மாடிக்கு மாடி நிற்க ஆரம்பித்ததும் அது போச்சு. வயதானவர்களுக்கு அது பெரிய வரம். என் அம்மா ஆறாவது மாடியில் இருந்தவர், அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் கதை எழுதுகிறவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கதை எந்த வருஷத்தில் நடக்கிறது?

கேமரா விஷயமும் அப்படித்தான். 2012இலிருந்து போலிஸ் கேமராக்களை வீவக புளோக்குகளில் பொருத்த ஆரம்பித்தார்கள். 2016க்குள் பத்தாயிரம் புளோக்குகளுக்கும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களுக்கும் வந்துவிட்டது. லிஃப்ட் வாசலில் ஒன்று, கீழ்த்தளத்தில் ஒன்று. அதைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, உங்கள் நாயகனுக்கு இல்லை. அவன் மூன்று வாரம் அலைந்து தெரிந்துகொள்வதை அவர்கள் ஒரு பிற்பகலில் திரையில் பார்த்துவிடுவார்கள்.

8 பிப்ரவரி

இது கேள்விக்கு நேர் பதில் இல்லை. ஆனால் இரண்டு நாளாக மனத்தில் ஓடுகிறது.

கொலையுண்டவள் காதலி என்றால் முதலில் தேடப்படுபவன் இவன்தான். போலிஸ் கண்டோன்மன்ட் வளாகத்தில் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கிறது. அங்கே ஒரு சிறிய அறையில் உட்கார வைப்பார்கள். அவன் தமிழில் சொல்ல விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் வருவார். சொன்னதை எழுதுவார்கள், பிறகு அவனுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுவார்கள், திருத்தம் இருந்தால் திருத்தி அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் கேள்வி, அவள் உனக்கு யார்?

நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? "பழக்கம் சார்." இந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் பழக்கம், பத்து வருஷம் சேர்ந்து இருந்தவளும் பழக்கம். நாம் வேண்டுமென்றே வைத்துக்கொண்ட சொல் அது. கூச்சத்தையும் உறவையும் ஒன்றாகப் போர்த்தி மூடுகிற சொல். மொழிபெயர்ப்பாளர் நல்லவராக இருந்தால் "எந்த மாதிரிப் பழக்கம்?" என்று கேட்பார். கேட்காவிட்டால் அது வெறும் தெரிந்தவள் என்று தாளில் ஏறிவிடும். பிறகு அவன் கைப்பேசியில் ஆயிரம் செய்தி கிடைக்கும்போது, முதல் நாளே பொய் சொன்னவன் ஆகிவிடுவான்.

அந்த அறையில் அவன் "காதலி" என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்கிற ஒரு பக்கத்தை எழுதுங்கள். அவள் உயிரோடு இருந்தபோது யாரிடமும் சொல்லாததை ஒரு இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறான். எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

9 பிப்ரவரி

இப்போது குடி. ஏன் எல்லாத் துப்பறிவாளனும் குடிக்கிறான்? ஊரிலிருந்து இங்கே தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வந்த மாத நாவல்களில் அந்தக் காலத்தில் குடிக்காதவர்கள்தான் துப்பறிவார்கள், பிறகு எல்லாரும் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் குடிகாரன் ஒருவன் கூட நிலைக்கவில்லை. எட்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து ஒரு வாசலையே பார்க்க வேண்டும். குடித்தவனால் ஆகாது.

எங்கள் தொழிலின் உண்மையான குறை வேறு. அதன் பெயர் லாக்.

பின்தொடரும்போது ஒரு நோட்டில் மணி போட்டு எழுதுவோம். 7.10, சப்ஜெக்ட் வீடு திரும்பினார். 7.45, விளக்கு எரிகிறது. 8.30, நடமாட்டம் இல்லை. அது அறிக்கையாகி வாடிக்கையாளருக்குப் போகும், சில சமயம் குடும்ப நீதிமன்றத்துக்கும் போகும். எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பகுதி கணவன் மனைவி விவகாரம். மாதர் சாசனத்தின்படி மணவிலக்குக்குக் கள்ள உறவு ஒரு காரணம், அதை நிரூபிக்க ஆள் வைப்பார்கள். 2024 ஜூலையிலிருந்து இருவரும் ஒத்துக்கொண்டு பிரியும் வழி வந்திருக்கிறது. அது நான் விட்ட பிறகு.

நோட்டில் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் வாடிக்கையாளர் பணம் தர மாட்டார், முதலாளி திட்டுவார். ஆனால் மனிதன் என்றால் கழிப்பறைக்குப் போவான், கண் அயர்வான். அந்த இடைவெளியை "நடமாட்டம் இல்லை" என்று எழுதி நிரப்புவார்கள். எல்லாரும் செய்தார்கள். நானும் செய்தேன்.

2012இல் ஒரு மாலை. வடக்கே ஒரு பேட்டை. மனைவி பிரிந்து வந்து ஒரு தோழியின் வீட்டில் தங்கியிருந்தார். கணவர் எங்கள் வாடிக்கையாளர். நான் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன். ஒன்பது மணி சுமாருக்குச் சாப்பிடப் போய் 9.40க்குத் திரும்பினேன். நோட்டில், 9.00 முதல் 9.40 வரை காரில் இருந்தேன், நடமாட்டம் இல்லை, கூடத்து விளக்கு எரிகிறது என்று எழுதினேன்.

அந்த நாற்பது நிமிடத்தில் கணவர் மேலே போய் அந்தப் பெண்ணை அடித்துவிட்டார். விலா எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நான் அப்போது அதை அறியவில்லை. மறுநாள் போலிஸ் அழைத்தபோதுதான் தெரிந்தது.

கணவர் அங்கே போகவே இல்லை என்றார். அதற்கு ஆதாரம் என்ன தெரியுமா? என் லாக்.

10 பிப்ரவரி

எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றியும் இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன்.

எப்படி மாட்டினீர்கள் என்ற கேள்விக்குப் பதில்: சம்மன் சீட்டு. கார் நிறுத்தும் கட்டணத்துக்கு அப்போது காகிதக் கூப்பன் காலம். செயலி 2017இல்தான் வந்தது. மாதம், தேதி, மணி, நிமிடம் என்று துண்டு துண்டாகக் கிழித்துக் கண்ணாடிக்குக் கீழே வைப்போம், அரை மணிக்கு 50 காசு. என் கூப்பன் 9 மணியோடு முடிந்தது. அவசரத்தில் புதிதாகக் கிழிக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது வைப்பரில் அபராதச் சீட்டு செருகியிருந்தது. மணி 9.22. காரில் ஆள் உட்கார்ந்திருந்தால் கூப்பன் சோதிக்கும் அம்மா சீட்டு வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்க மாட்டானா? விசாரணை அதிகாரி இளைஞர், என்னைவிடப் பத்து வயது குறைவு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

12 பிப்ரவரி

ஒருவர் கேட்டார், காதலி கொலை என்றால் சிங்கப்பூரில் நினைவுக்கு வருவது எது என்று. என் தலைமுறைக்கு ஒன்றே ஒன்றுதான், சன்னி ஆங் வழக்கு. என் அப்பா அதைப் பேப்பரில் படித்து வளர்ந்தவர், எனக்கு ராத்திரிக் கதையாகச் சொன்னார்.

1963 ஆகஸ்ட் 27. சன்னி ஆங் தன் காதலி ஜென்னி சியோக்கைப் படகில் சிஸ்டர்ஸ் தீவுகளுக்குக் கூட்டிப் போகிறான். அப்போது அதை புலாவ் டுவா என்றும் சொல்வார்கள். அவளுக்கு 22 வயது, மதுக்கூடத்தில் வேலை, முக்குளிப்பில் கற்றுக்குட்டி. நீரோட்டம் பொல்லாத இடம். அவள் இறங்கினாள், திரும்பவில்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. படகில் இருந்த காதலன் தண்ணீரில் குதிக்கவே இல்லை. பிறகு கடலடியில் முக்குளிப்பாளர்கள் அவளுடைய துடுப்புக் காலணி ஒன்றை எடுத்தார்கள். குதிகால் பட்டை சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. அவள் பெயரில் பெரும் தொகைக்குக் காப்புறுதி எடுக்கப்பட்டிருந்தது.

பார்த்த சாட்சி இல்லை, உடல் இல்லை. எல்லாம் சூழ்நிலைச் சான்று. 1965 மே மாதம் ஜூரி குற்றவாளி என்றது. 1967 பிப்ரவரி 6இல் தூக்கு. அவனுக்காக வாதாடியவர் பஞ்ச் குமாரசாமி, பின்னாளில் நாடாளுமன்ற நாயகராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். அப்பா இந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும். நம்ம ஆள் என்ற பெருமையும், இப்படி ஒருவனுக்காக நிற்க வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் சேர்ந்த குரல்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வழக்கில் பேசியது ஒரு ரப்பர் பட்டை. உங்கள் நாயகன் ஓடி, துரத்தி, அடித்து உண்மையை வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் ஒரு நிமிடம் கூட நிற்காது. வெட்டுப்பட்ட ஒரு பட்டை நிற்கும். ஒரு சம்மன் சீட்டும் நிற்கும்.

13 பிப்ரவரி

ஜூரி என்று எழுதியதும் இப்போதும் இங்கே ஜூரி உண்டா என்று கேட்டார்கள். இல்லை. 1969 கடைசியில் சட்டம் நிறைவேறி ஒழித்துவிட்டார்கள். அதன் பிறகு கொலை வழக்கை இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள், 1992இலிருந்து ஒருவர். கதையில் ஜூரி கண்ணீர் விடும் காட்சி வேண்டாம்.

1984இல் காணாமல் போன அந்தக் காவலாளியின் வழக்கைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். 1987இல் ஆறு பேர் மீது குற்றம் சாட்டி, சான்று போதாமல் விடுவித்தார்கள். உடல் கிடைக்கவில்லை. ஊரே அந்தக் குடும்பம் உடலைச் சமைத்துவிட்டதாகக் கதை சொல்லிச் சிரித்தது. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாததை நாம் திண்ணையில் நிரூபிக்க வேண்டாம்.

16 பிப்ரவரி

9ஆம் தேதி எழுதியது முழு உண்மை இல்லை. ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. திருத்தி எழுதுகிறேன்.

நானாகச் சாப்பிடப் போகவில்லை. 8.58க்குக் கைப்பேசி அடித்தது. வாடிக்கையாளர். மிகவும் கனிவாகப் பேசினார். "சாப்டிங்களா? ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கிங்க. போய்ச் சாப்பிட்டு வாங்க, அவ எங்கயும் போக மாட்டா." நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அந்த அவசரத்தில்தான் கூப்பன் கிழிக்க மறந்தது. நடந்து போய் காப்பிக்கடையில் மீ கோரெங்கும் தே ஓவும் வாங்கி நிதானமாகச் சாப்பிட்டேன்.

என்னை எழுப்பி அனுப்பிவிட்டு மேலே போயிருக்கிறார். நான் இருந்ததாகவே நோட்டில் எழுதுவேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முன்பு கொடுத்த அறிக்கைகளில் இடைவெளியே இல்லாததைப் பார்த்திருப்பார். மனிதன் எட்டு மணி நேரம் இடைவெளி இல்லாமல் ஒரு வாசலைப் பார்க்க முடியாது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. என் பொய்யை எனக்கு முன்னால் அவர் படித்துவிட்டார்.

இன்னொன்று. அந்தப் பெண் அங்கே தங்கியிருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான். அந்த வீட்டு எண்ணை அறிக்கையில் எழுதியவன் நான். ஒரு பெண் சொல்லாமல் வீட்டை விட்டு வந்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவர் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பித்திருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

சீட்டைப் பக்கத்தில் வைத்த பிறகாவது உடனே சொன்னேனா? அதுவும் இல்லை. முதல் வாக்குமூலத்தில் காரிலேயே இருந்தேன், சீட்டைக் கவனிக்கவில்லை என்றேன். மூன்றாம் நாள்தான் போய்ச் சொன்னேன். மூன்று நாள், தம்பி. உங்கள் நாயகன் கொலைகாரனையே பிடித்துவிடுகிற அதே மூன்று நாள். நான் ஒரு வரியைச் சொல்ல எனக்கு அவ்வளவு ஆனது. "நான் அங்கே இல்லை." தமிழில் மூன்று சொல்.

17 பிப்ரவரி

உங்கள் மேல் வழக்கு வந்ததா என்று கேட்டார்கள். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் தருவது குற்றம். போட்டிருக்கலாம், போடவில்லை. கடும் எச்சரிக்கை தந்தார்கள். உரிமம் அப்போது போகவில்லை. போயிருந்தாலும் நியாயம் என்பேன். அந்தப் பொய்யை நானே திருத்தியதால் கணவருக்கு எதிரான வழக்கு நின்றது. அது எனக்கு ஆறுதல் தரவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

எழுதிய தாளின் பலம் எவ்வளவு என்பதற்கு இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். 2005இல் பூன் லேயில் ஒரு பெண் வீட்டில் கொலையானார். அண்ணன் தம்பி இருவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அண்ணனை விடுதலை செய்தது. அவருடைய வாக்குமூலங்கள் சிலவற்றை எழுதிய முறை சரியில்லை என்று கண்டித்தது. துண்டுத் தாள் குறிப்பிலிருந்து பிறகு எழுதியிருந்தார்கள். படுக்கையில் இருந்த, கொலையானவரின் கணவர் வீட்டுக்குள் வந்தது ஒரே ஆள் என்று சொல்லியிருந்ததைச் சரியான நேரத்தில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவும் இல்லை. காடார் வழக்கு என்று வழக்கறிஞர்கள் இன்றும் சொல்வார்கள். தன் வாதத்துக்கு எதிரான தகவலையும் அரசுத் தரப்பு கொடுக்க வேண்டும் என்ற கடமையை இங்கே நிலைநாட்டிய தீர்ப்பு அது. தீர்ப்பைச் செய்தியில் படித்த அன்று அது என்னைத் தொடும் என்று தோன்றவில்லை. அடுத்த வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. தாளில் பிறகு நிரப்பிய ஒரு வரி ஒரு மனிதனைத் தூக்குமேடைவரை கொண்டுபோய்விடும், இன்னொருவனைத் தப்பிக்கவும் வைக்கும்.

20 பிப்ரவரி

கதைக்கு வருவோம். கேலாங் அறை, கைப்பேசி இரண்டையும் எடுத்துவிடுங்கள். இப்படி யோசியுங்கள்.

கணவன் மனைவியைக் கண்காணிக்க ஆள் வைக்கிறான். கண்காணிக்கப் போனவனுக்கு அவள் மேல் பிரியம் வந்துவிடுகிறது. இது நடக்கும். மாதக்கணக்கில் ஒருத்தி காய்கறி வாங்குவதையும், பஸ்ஸுக்கு நிற்பதையும், தனியாக இருக்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பார்த்தால் மனம் என்னவோ ஆகிவிடும். அவளோடு பேசிப் பழகிவிடுகிறான். அறிக்கையில் தன்னை விட்டுவிட்டு எழுதுகிறான். அங்கே முதல் பொய். ஒரு ராத்திரி அவள் கொலையாகிறாள். அந்த நேரத்தில் அவன் வாசலில் காவல் இருந்ததாக லாக் சொல்கிறது. அவன் இல்லை.

இப்போது அவன் யாரைத் துப்பறிய வேண்டும்? அவள் எப்படிச் செத்தாள் என்பதற்குக் கடைசிச் சாட்சி அவனுடைய நோட்டு. அது பொய். உண்மையைச் சொன்னால் முதல் சந்தேகம் அவன் மேல். சொல்லாவிட்டால் கொன்றவனுக்கு அவனே சாட்சி.

21 பிப்ரவரி

சட்டப்படி ஒரு சின்னக் குறிப்பு விட்டுப்போனது. அந்த அறையில் கேட்பதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் விஷயத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே உங்கள் நாயகன் வாய் மூடி இருக்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. அவனைப் பேச வைப்பது சட்டமாக இருக்கக் கூடாது.

23 பிப்ரவரி

"அவனைத் தூக்கில் ஏற்றாமல் விட மாட்டேன்" என்று நாயகன் சபதம் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். 2013 ஜனவரியிலிருந்து அது அவ்வளவு நேராக இல்லை. கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவின் முதல் வகையில் நிரூபித்தால் மட்டும் கட்டாய மரண தண்டனை. மற்ற வகைகளில் நீதிபதி ஆயுள் தண்டனை தரலாம். கடுமையான திடீர்த் தூண்டுதல் என்று நிரூபித்தால் கொலை என்ற பெயரே மாறிவிடும். காதல் சம்பந்தப்பட்ட கொலையில் வாதம் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் அவள் என்ன சொன்னாள்? கொன்றவன் சொல்வான், அவள் என்னை அப்படிப் பேசினாள், இப்படிப் பேசினாள் என்று. அவள் பதில் சொல்ல முடியாது. அவள் எப்படிப் பேசுகிறவள் என்று அறிந்த ஒரே ஆள் உங்கள் நாயகன். அவன் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக்கூடியது அதுதான். அதையும் நம்ப வேண்டுமென்றால் அவன் பொய் சொல்லாதவனாக இருக்க வேண்டும்.

பிணவறைக் காட்சியும் தவறு. அவுட்ராமில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பிணவறையில் உடலை அடையாளம் காட்டவும் பெற்றுக்கொள்ளவும் குடும்பத்தைத்தான் அழைப்பார்கள். காதலனுக்கு அங்கே இடம் இல்லை. கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு உடலை வைத்திருக்கும்போதும் அவன் கிட்டே போக முடியாது. மண்டாய் எரியூட்டுக் கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற முடியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். அடுத்த புளோக்கின் தூணுக்குப் பக்கத்தில் நிற்பான். பழக்கப்பட்ட இடம். வேலைக்கு நின்ற அதே மாதிரி நிற்பான், ஆனால் கையில் நோட்டு இருக்காது.

2 மார்ச்

நீங்கள் அனுப்பிய புதிய அத்தியாயம் படித்தேன். கதை 2012இல் நடப்பதாக மாற்றியது நல்லது. லிஃப்ட் சரி, கூப்பன் சரி. அவன் மீ கோரெங் சாப்பிடும் இடத்தில் நிறுத்திவிட்டேன், மறுநாள்தான் மேலே படித்தேன்.

அந்தப் பெண்ணைப் பிறகு பார்த்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு முறை. 2018 இருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா சந்தை. மீன் கடையில் எனக்கு முன்னால் நின்றார். முகம் பார்ப்பதற்கு முன்பே நடையை வைத்துத் தெரிந்துவிட்டது. இடது தோளில்தான் பை மாட்டுவார், காசு எண்ணும்போது உதடு அசையும். அதெல்லாம் எனக்குத் தெரியும். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. என் பெயரை ஒரு வழக்குத் தாளில் பார்த்திருக்கலாம், முகத்தைப் பார்த்ததில்லை.

திரும்பி, "அண்ணே, வரிசை இதுதானா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். இதுதான் என்றேன். சங்கரா மீன் அரைக் கிலோ வாங்கினார், வெட்டித் தரச் சொன்னார். போனார்.

சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. எந்தப் பக்கம் போனார் என்று பார்க்காமல் நான் மீன்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் உரிமம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு சின்னத் திருத்தம்: சம்மன் சீட்டில் வண்டி எண்ணும் இருக்கும், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.